அவளே எழுதிய மறுப்பு

திருச்செங்கோட்டுப் பொறியியல் கல்லூரி விடுதியில் நானும் அவளும் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தோம். அவள் சேலம் டவுனில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். நான் உள்ளூர்க்காரிதான், படிப்புக்காக விடுதியில் சேர்ந்திருந்தேன். என் அண்ணன் சங்ககிரி ரோட்டில், போர்வெல் போடும் ரிக் லாரிகளைக் கட்டித் தரும் பட்டறை வைத்திருக்கிறார். படிப்பு முடிந்ததும் நான் அதே கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஐரோப்பாவுக்கு மேலாண்மை படிக்கப் போனாள்.

ஒரு புதிய கருவி ஒரு நாட்டில் பிறந்து மற்ற நாடுகளுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. உலகளாவிய புத்தாக்க மேலாண்மை என்று அதற்குப் பெயர். அவள் விளக்கிச் சொன்னதைக் கேட்ட அவளுடைய அத்தா, சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பதுதானே, நம் தொழில்தான் என்றாராம். அவள் அதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு அவள் எழுதிய ஒரு கட்டுரை பேர் வாங்கிக் கொடுத்தது. எங்கள் ஊர் ரிக் லாரிகளைப் பற்றியது. துளை ஆழமாக ஆக, இரும்பு ராடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிக்கொண்டே போக வேண்டும். முன்பெல்லாம் ஆட்கள்தான் அவற்றைத் தூக்கி நிறுத்துவார்கள். பிறகு லாரியிலேயே ஓர் இரும்புக் கை வந்தது. லீவரை இழுத்தால் அது ராடை எடுத்துச் சரியான இடத்தில் நிறுத்தும். அந்தக் கை ஓர் ஐரோப்பியக் கம்பெனியின் கண்டுபிடிப்பு என்றும், திருச்செங்கோட்டுப் பட்டறைக்காரர்கள் அதைத் திறமையாக நகலெடுத்து ஆப்பிரிக்கா வரை கொண்டுபோனார்கள் என்றும் அவள் எழுதியிருந்தாள். கம்பெனியின் ஆவணங்களைப் படித்தும், கம்பெனி ஆட்கள் சிலரிடம் போனில் பேசியும் எழுதியது. நான் அதைத் துறையில் எல்லோருக்கும் காட்டினேன்.

அதைப் புத்தகமாக விரிக்க வேண்டும் என்று ஒரு கோடையில் ஊருக்கு வந்து, எங்கள் வீட்டில் ஐந்து வாரம் தங்கினாள். இரண்டாம் நாள் பட்டறைக்கு அழைத்துப் போனேன். கட்டுரையில் என்ன இருக்கிறது என்று அண்ணனுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னாள். அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க அம்மிணி, நாங்க அதைப் பாத்துச் செஞ்சோம்னு யாருங்க சொன்னது?"

"கம்பெனி பேப்பர்ல இருந்துச்சுங்கண்ணா."

"எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்கு முகம் கறுத்துப் போயிற்று. அங்கே நின்ற லாரியின் இரும்புக் கையைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து, எப்போது செய்தீர்கள், எதற்காகச் செய்தீர்கள் என்று முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் அவளைத் தேற்றப் பார்த்தேன். இந்த ஊரில் எல்லோரும் நான்தான் முதலில் செய்தேன் என்பார்கள், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்றேன்.

"நீ அவர்கூடப் பொறந்தவ. ஒரு நாளாவது அண்ணனைக் கேட்டிருக்கியா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் அந்த இரும்புக் கையைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் நான் திரையில் காட்டியது ஐரோப்பிய இயந்திரத்தின் படத்தைத்தான். அன்று நான் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்தபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவரிடம் முன்பு, புது லாரிகளில் துளை போட்டுப் பார்க்கும் டிரில்லராக இருந்தவர் புதுச்சத்திரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டாள். நாமக்கல் போய் பஸ் மாறிப் போனோம். ஹைவே ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"ராடு நழுவிருச்சுங்க" என்றார் அவர். "ஆஸ்பத்திரிக்கு வந்த உங்க அண்ணன் ராடு எப்படி நழுவுச்சுன்னு மட்டும் கேட்டுட்டுப் போனாருங்க. மூணு மாசங் கழிச்சுப் பட்டறைக்குக் கூப்பிட்டாரு. போனா அந்த இரும்புக் கையச் செஞ்சு நிறுத்தியிருக்காரு. இனிமே ஒருத்தனும் ராடத் தூக்க வேண்டியதில்லைன்னாரு."

அந்தக் கை பொருத்திய முதல் லாரியோடு அவரே ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறார். இடது கையால் லீவரை இழுத்துப் பழகியிருக்கிறார். அங்கே வெள்ளைக்கார இன்ஜினியர்கள் இரண்டு நாள் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். அவர்கள் இதைப் பார்த்துத்தான் செய்தார்களா என்று நான் உடனே கேட்டேன். அவள் என்னைத் தடுத்தாள். அதற்கு ஆதாரம் இல்லை, இங்கே முதலில் வந்ததா என்பதை மட்டும் பார்ப்போம் என்றாள்.

அதற்கான ஆதாரம் என் கல்யாண ஆல்பத்தில் கிடைத்தது. ஆப்பிரிக்காவுக்குப் போகவிருந்த அந்த லாரிக்கு மாலை போட்டு, பொண்ணு மாப்பிள்ளையை அதன் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால், ராடைப் பிடித்தபடி இரும்புக் கை. கல்யாணத் தேதி ஆல்பத்தின் அட்டையிலேயே இருந்தது. கம்பெனியின் இயந்திரம் விற்பனைக்கு வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அவள் பூதக்கண்ணாடியை வைத்து வெகு நேரம் பார்த்தாள்.

"நீ கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம்டி, உன் தலை லீவரை மறைக்குது" என்றாள். பிறகு இருவரும் சிரித்துவிட்டோம்.

புத்தகத்தில் இதைச் சேர்த்தால் போதும், பழைய கட்டுரை தவறு என்று எதற்காக ஊரறியச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டேன். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரும் போனில் அதையேதான் சொன்னாராம். அவள் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பல்கலைக்கழகம் முடிவு செய்யவிருந்த சமயம் அது.

"அந்தக் கட்டுரையப் படிச்சிட்டு இன்னும் பத்துப் பேர் எழுதுவாங்க. அண்ணன் நகலெடுத்தவராவே இருந்திடுவார்" என்றாள்.

தன் கட்டுரைக்குத் தானே மறுப்பு எழுதினாள். என் முடிவு தவறு, கருவியைச் செய்தவர்களை நான் கேட்கவில்லை என்றுதான் அது தொடங்குகிறது. கூட எழுதியவர் என்று அண்ணனின் பெயரையும் போட்டாள். ஆய்விதழின் படிவத்தில் நிறுவனம், படிப்பு இரண்டையும் கேட்டிருந்தார்கள். பட்டறையின் பெயரைக் கொடுத்த அண்ணன், படிப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவள் தயங்கியபோது, "எட்டாவதுன்னே போடுங்க அம்மிணி, இருக்கறதப் போட்டா போதும்" என்றார்.

அவள் வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அன்று எனக்குப் போன் செய்து அழுதாள். அவள் அழுது நான் கேட்டது அந்த ஒரு முறைதான். எழுதியது சரிதானே என்று கேட்டேன். சரிதான், அதில் சந்தேகமில்லை, அழுகை வேறு என்றாள். அந்த வருடத்துக்குள் அவளுடைய மறுப்பை மற்ற நாடுகளிலும் படித்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் ஆய்வாளர், தன் ஊர்ப் பட்டறைகளைப் பற்றியும் இப்படித்தான் தவறாக எழுதியிருக்கிறார்கள் என்று கடிதம் போட்டார். இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அடுத்த வருடம் வேலை நிரந்தரமாயிற்று. இப்போது அவள் பேராசிரியர். அவளிடம் ஆராய்ச்சிக்குச் சேருகிறவர்கள், கருவியைச் செய்தவரிடமும் அதை ஓட்டியவரிடமும் நேரில் பேசிய பிறகுதான் எழுத உட்கார வேண்டும்.

போன ஜனவரியில் நான்கு மாணவர்களோடு ஓமலூர்ப் பக்கம் ஏதோ ஆய்வுக்கு வந்தவள், ஒரு நாள் திருச்செங்கோட்டுக்கும் வந்தாள். அண்ணன் வெல்டிங்கை நிறுத்திவிட்டு அவர்களுக்கு எல்லாம் காட்டினார். அவருடைய கொங்குப் பேச்சை அவள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்று எனக்குக் கல்லூரி இருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முப்பது பேரையும் கல்லூரி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நானும் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவளுடைய மாணவர்களுக்குப் பின்னால் நின்று நாங்களும் கேட்டோம்.