சவுக்குத் தோப்பில் பகல் தூக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மொட்டை மாடியில் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளியிலிருந்து முகாமுக்குக் கூட்டிப் போகிறார்களாம். வெட்டவெளியில் ஹேமக்கில், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தொட்டிலில், படுத்துத் தூங்க வேண்டுமாம். உறையிலிருந்து பாராசூட் துணி வழுக்கிக்கொண்டு வெளியே வந்ததும் அந்த வாசனை அடித்தது. புதுக் குடையை முதன்முதலாக விரிக்கும்போது வருமே, கிட்டத்தட்ட அது.

"அப்பா, இதை எப்படிக் கட்டறது?" என்றாள்.

தண்ணீர்த் தொட்டியின் தூணையும் துணி காயப்போடும் இரும்புக் கம்பத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கட்டினேன். அதன் நாடாப் பட்டையைத் தலைக்கு மேல் கொஞ்சம் உயரத்தில் சுற்றி, துணி நடுவில் நன்றாகத் தொய்கிற மாதிரி விட்டு, அடிப்பகுதி இடுப்புக்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்து, முதலில் கையால் அழுத்தி, பிறகு மெதுவாக உட்கார்ந்து எடையைக் கொடுத்தேன். என் மனைவி மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். ஜன்னல் திரைக்குக் கம்பி மாட்ட மூன்று வாரம் எடுத்துக்கொண்டவன் நான். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. நாவலூரில் ஒரு கம்பெனியில் இரவு ஷிஃப்ட். கடல் கடந்த ஊர்களில் யார் வீட்டிலாவது இண்டர்நெட் வரவில்லை என்றால் என் காதில் போன் அடிக்கும். அச்சரப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அன்றைக்கு இண்டர்நெட்டே கிடையாது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. விடிகாலையில் கம்பெனி வண்டி எங்களைக் கொண்டுவந்து இறக்கிவிடும். நானும் தினேஷும் ஒரு மொட்டை மாடி அறையில் இருந்தோம். தினேஷ் வண்ணாரப்பேட்டைக்காரன், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கீழ்வீட்டில் கிரானைட் அறுக்கும் பட்டறை. ஒன்பது மணிக்குக் கூரை கொதிக்கும், பட்டறை அலறும். நான்கு மாதம் நாங்கள் தூங்கவில்லை. தூக்கம் கெட்டால் மனிதன் என்ன ஆவான் என்பது எனக்குத் தெரியும்: ஒருநாள் ஆபீஸ் லிஃப்டில் நின்றுகொண்டு, அதன் கண்ணாடியில் தெரிந்த ஆளுக்கு வழிவிட்டேன்.

தினேஷ்தான் எங்கிருந்தோ இரண்டு ஹேமக் வாங்கிக்கொண்டு வந்தான். "மச்சான், காலைல வண்டிய எடுத்துகினு கோவளம் தாண்டிப் போறோம். சவுக்குத் தோப்புல கட்றோம். சாய்ங்காலம் வரிக்கும் தூங்கறோம். அவ்ளோதான்."

கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில், சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது அந்தத் தோப்பு. சவுக்கு பெரும்பாலும் ஒல்லி மரம். தொடை கனம்கூட இல்லாத மரத்தில் கட்டினால் அது நம்மோடு சேர்ந்து வளையும். முதல் நாள் நான் மெதுவாக இறங்கி இறங்கி மணலில் போய் உட்கார்ந்தேன். பிறகு, வெட்டாமல் விட்ட மூன்று பழைய மரங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டுபிடித்தோம். நடுமரம் எங்கள் இருவருக்கும் பொது. அதன் பக்கம் இருவரும் தலை வைத்துக்கொள்வோம். இன்னும் சில விஷயங்களும் பட்டுத்தான் தெரிந்தன. கயிறு கட்டினால் மரப்பட்டை அறுபடும், அகலமான நாடாப் பட்டைதான் வேண்டும். விறைப்பாகக் கட்டினால் துணி நம்மை நடுவில் வைத்து நெருக்கும். தொய்வாகக் கட்டி, நேராகப் படுக்காமல் குறுக்காகச் சரிந்து படுத்தால்தான் முதுகு சமமாகும். கடற்காற்று அடியிலிருந்து குளிரும், முதுகுக்குக் கீழே ஒரு கோரைப்பாய் போட்டுக்கொள்ள வேண்டும். படுத்ததும் துணியின் இரண்டு ஓரமும் எழும்பி முகத்துக்குப் பக்கத்தில் நிற்கும். மேலே ஒரு கீற்று வானம் தெரியும். பக்கத்தில் யார் நின்றாலும் தெரியாது.

சவுக்கிலையில் காற்று புகும் சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கடல் சத்தம் போலவே இருக்கும். கடல் ஒரு பக்கம் இருக்க, தலைக்கு மேலே இன்னொரு கடல். அந்தச் சத்தத்தில் நான் கல் மாதிரி தூங்கினேன்.

தோப்பைப் பார்த்துக்கொண்டவர் தேசம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். உதிர்ந்த மிளாறுகளை, அந்தக் காய்ந்த சுள்ளிகளை, விறகுக்கு வாரிக் கட்டு கட்டுவார். எங்களை முதல் தடவை பார்த்தபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னா தம்பி, இவ்ளோ பெரிய ஆளுங்களுக்குத் தூளியா?" என்றார். அதற்குப் பிறகு எங்களைத் தடுக்கவில்லை. நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. அவர் புருஷன் நான்கு வருஷத்துக்கு முன்பு கட்டுமரத்தில் தனியாக நண்டுக்குப் போனவர். மூன்றாம் நாள் கட்டுமரம் மட்டும் முட்டுக்காடு பக்கம் கரை ஒதுங்கியது. வலையும் துடுப்பும் கட்டினது கட்டினபடி இருந்ததாம். ஆள் இல்லை. இதை எங்களுக்குச் சொன்னது சாலையோர டீக்கடைக்காரர். தேசம்மா இதைப் பற்றிப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

மூன்றாவது வாரத்தில் தினேஷ் ஒரு விஷயம் சொன்னான். "மச்சான், நீ தூக்கத்துல பேசற. இங்கிலீஷ்ல பேசற. முழிச்சிகினு பேசறத விட நல்லாவே பேசற." செல்போனில் பதிவு செய்து போட்டும் காட்டினான். யாரையோ என் தூங்கும் குரல் மரியாதையாகப் பெயர் கேட்டது. பிறகு ஒரு இடைவெளி. பிறகு நன்றி சொன்னது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த இடைவெளி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் பெயர் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ, சரியாக அவ்வளவு நேரம் என் குரல் காத்திருந்தது.

அதற்கடுத்த வாரம் தினேஷ் வண்ணாரப்பேட்டை வீட்டுக்குப் போயிருந்தான். நான் தனியாகப் போய்த் தூங்கினேன். பகல் மூன்று மணிக்கு எழுந்து காலைத் தொங்கவிட்டபோது, என் தலைமாட்டில் மணல் அழுந்தியிருந்தது. யாரோ நெடுநேரம் உட்கார்ந்திருந்த குழி. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அந்தக் குழி இன்னும் கிட்டத்தில், என் காதுக்கு நேர் கீழே இருந்தது.

தினேஷ் திரும்பி வந்ததும் சொன்னேன். அவன் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு கவனித்தான். அன்று மாலை ஷிஃப்டுக்குப் போகும் முன் டீக்கடையில் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். "இத கேளு. சிரிக்காத," என்றான். அவன் முகத்திலும் சிரிப்பு இல்லை.

செல்போனில் முதலில் காற்று. பிறகு தேசம்மாவின் குரல், குழந்தையிடம் பேசுகிற மாதிரி தாழ்ந்து:

"எங்க கீற நீ?"

நீண்ட இடைவெளி. பிறகு என் குரல். "லைன்லதான் கீறேன்."

"கடல்லியா?"

"இல்ல."

"அப்பால எங்க?"

"தண்ணி இல்ல இங்க."

"வந்துடேன்."

"கால வெளிய எடுக்க முடியல."

டீயைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டேன். நீங்கள் கேட்கலாம், இதில் என்ன இருக்கிறது, நாளெல்லாம் 'லைனில் இருங்கள்' என்று சொல்கிறவன் தூக்கத்திலும் அதையே சொல்கிறான், கால் துணியில் சிக்கியிருக்கும் என்று. நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். என் அப்பா தமிழாசிரியர். வீட்டில் யாராவது 'கீறேன்' என்று பேசினால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். என் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. தினேஷோடு இத்தனை மாதம் இருந்ததில் ஒட்டியிருக்கலாம் என்று அதற்கும் ஒரு சமாதானம் தேடிக்கொண்டேன்.

மறுநாள் தேசம்மாவிடம் போய்ப் பேசினேன். மிளாறுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நான் தூக்கத்துல ஒளர்றேன். ஆபீஸ்ல பேசறதுதான் அது. அத நீங்க நம்பாதீங்க."

அவர் கோபப்படவில்லை. "தெரியும் தம்பி. ஊர்ல நான் யாராண்ட கேட்டாலும் தலைய குனிஞ்சிகினு போயிடறாங்கோ. நீ பதில் சொல்ற. அதான் வந்து குந்தறேன்."

மணலைக் கையால் நிரவியபடியே மேலே சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் புருஷனுக்குக் கொழுந்தனார் காரியம் வைத்திருக்கிறாராம். உடலுக்குப் பதில் ஓர் உருவம் செய்து வைத்து முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். அன்றைக்குத் தாலியைக் கழற்ற வேண்டும்.

"நாளைக்கு ஒரு வாட்டி தூங்கு தம்பி. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அப்பால உன்னாண்ட வரமாட்டேன்."

நான் தலையாட்டினேன். அது பெரிய தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்பதும் தெரியவில்லை.

மறுநாள் படுத்தேன். தூக்கம் வரவில்லை. தூங்கவென்றே ஒருவன் காத்திருந்தால் தூக்கம் வருமா? பக்கத்து ஹேமக்கில் தினேஷின் மூச்சு சீராகக் கேட்டது. பன்னிரண்டு மணி வெயில் சவுக்கிலை வழியாக என் மேல் புள்ளி புள்ளியாக விழுந்தது. மணலில் காலடி வந்தது. தலைமாட்டில் அவர் உட்காரும்போது மூட்டு நெட்டி முறிந்த சத்தம்கூடக் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வெள்ளிக்கெழம கயட்ட சொல்றாங்கோ," என்றார். "கயட்டட்டுமா?"

நான் முந்தைய நாளே யோசித்து வைத்திருந்தேன். அந்த அம்மாளை அந்தத் தோப்பிலிருந்தும் அந்த நான்கு வருஷத்திலிருந்தும் விடுவிக்கிற அதிகாரம் என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்துமூன்று வயதில் அப்படியெல்லாம் தோன்றும். மூச்சை இழுத்து, தூக்கக் குரலில், "கயட்டிடு," என்றேன்.

காற்று நின்றிருந்தது. தேசம்மா மெதுவாகச் சொன்னார்: "இது நீ தம்பி."

வெட்கத்தில் என் காது எரிந்தது. எழுந்து மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் துணியைப் பிடித்தபோது நடுமரத்தின் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது. மெல்லிய, கரகரத்த ஆண் குரல்.

"வேணாம். வந்துகினு கீறேன்."

நான் அசையவில்லை. துணியின் ஓரம் முகத்தை மறைத்திருந்ததால் எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. தேசம்மா எழுந்த சத்தம் கேட்டது. "சரி," என்று ஒரே ஒரு சொல் சொன்னார், அடுப்படியிலிருந்து வாசலில் நிற்பவருக்குச் சொல்கிற மாதிரி. காலடி கடல் பக்கம் போய்க் கரைந்தது.

நான் துள்ளி இறங்கியதில் ஹேமக் என்னை மணலில் கவிழ்த்தது. தினேஷ் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கினேன். "ஏண்டா அப்படிச் சொன்ன? அந்தம்மாவுக்கு ஏண்டா ஆசை காட்டற?" அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னாடா சொல்ற? நான் இன்னா சொன்னேன்?" என்றான். விளையாட்டுப் பேச்சு அவனுக்கு வழக்கம்தான். நான் நம்பவில்லை. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை தேசம்மா தாலியைக் கழற்றவில்லை. "ஆளு வந்துகினு கீறாரு, காரியம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டாராம். கொழுந்தனார் உருவத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் நாங்கள் போனபோது தோப்பில் மிளாறு வாராமல் கிடந்தது. டீக்கடைக்காரர் சொன்னார்: தேசம்மா முதல் பஸ்ஸில் போய்விட்டார். புதுப்புடவை, தலையில் பூ. செங்கல்பட்டுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாராம். ஜன்னலோர இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் உட்காரப் போன ஒருவரை, "ஆள் கீது," என்று எழுப்பிவிட்டார். கூட யாரும் ஏறியதைக் கண்டக்டர் பார்க்கவில்லை.

அவர் திரும்பி வரவில்லை. உறவுக்காரர்கள் தேடிப் பார்த்தார்கள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதோடு சரி, அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அதன்பின் நாங்கள் அங்கே போய்த் தூங்கவில்லை. அடுத்த மாதம் நான் பகல் வேலை பார்த்துக்கொண்டு செங்கல்பட்டுக்கே குடிவந்துவிட்டேன். தூக்கத்தில் பேசுவதும் நின்றுபோனது; என் மனைவி சாட்சி.

தினேஷ் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். ஹேமக் கட்டிய அன்று சாயங்காலம் அவனுக்குப் போன் செய்து மகள் முகாமுக்குப் போகிற கதையைச் சொன்னேன். பேச்சு தானாகத் தோப்புக்குப் போனது. இத்தனை வருஷம் கழித்தாவது ஒத்துக்கொள் என்றேன்.

"மச்சான், அன்னிக்கு நான் தூங்கல. தூங்கற மாதிரி படுத்துகினு கேட்டுகினுதான் இருந்தேன். நீ கயட்டிடுன்னு சொன்னது கேட்டுச்சு. அப்பால, மனசு மாறி வேணாம்னு சொன்னதும் நீதான்னு நெனச்சேன். உன் பக்கத்துலருந்துதான்டா வந்துச்சு."

"உன் பக்கத்துலேர்ந்து வந்துச்சுடா," என்றேன்.

குழந்தைகளை விசாரித்துவிட்டு வைத்துவிட்டோம்.

நேற்று அந்த இடத்துக்குப் போனேன். அந்த மூன்று மரங்களுக்கு நடுவே நின்று பார்த்தால், குரல் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்பது புரியும் என்று ஒரு நினைப்பு. தோப்பு இல்லை. கடல் வரைக்கும் மதில் எழுப்பி, உள்ளே வெள்ளை வெள்ளையாக வீடுகள். டீக்கடை இருந்த இடத்தில் நடைபாதை. சவுக்கின் அடிக்கட்டைகூட எங்கும் கண்ணில் படவில்லை. மரங்கள் போனதும் அந்த இரைச்சலும் போய்விட்டது. காற்று அடித்தது, சத்தம் இல்லாமல் அடித்தது. மதிலோரமாக நடந்து, இங்கேயா, அங்கேயா என்று அடி வைத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி கேட்டைத் திறந்துகொண்டு வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தால்தானே பெயர் சொல்ல முடியும்? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.