கிழக்கு கேலரியில் ஒரு குடை

அவளுக்குச் 'சல்லடை' என்று பேர் வைத்தவர் கட்டின கணவர்தான். அவர் கேலிக்கு வைத்ததை அவள் பட்டமாக எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருட வேலை. குழாயில் ஒட்டிய பேரையும் சீட்டில் எழுதிய பேரையும் மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு சொட்டு ரத்தத்தை எந்திரத்துக்குள் விடமாட்டாள். அந்தப் புத்தி சாயங்காலம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிடும். சொந்தக்காரர் யாராவது "எங்க மாமா ஆறடி உயரம்" என்று சொல்லிவிட்டால் போதும், "அளந்து பாத்தீங்களா?" என்பாள். கல்யாண வீடுகளில் அவள் பக்கத்து நாற்காலி அநேகமாகக் காலியாகவே கிடக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு இணையக் கலைக்களஞ்சியம் கிடைத்தது, வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி. அதில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஆனால் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் அச்சில் வந்த ஆதாரம் காட்டியாக வேண்டும். கல்லூரிக் காலத்தில் கால்பந்து அணியின் கோல்கீப்பராக நின்றவள் என்பதால் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள் பற்றிய கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, 'சல்லடை' என்ற பேரிலேயே எழுதினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவள் சரிபார்த்த கட்டுரையில் யாரும் குறை சொன்னதில்லை, அந்தத் திங்கட்கிழமை வரை.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் புதுக் குறிப்பு ஒன்றைப் பார்த்தாள். "நான் இவருடைய மனைவி. இதில் ஒரு வரி பொய். எழுதியவர் தயவுசெய்து கூப்பிடவும்." கீழே தொலைபேசி எண்.

கட்டுரை ஒரு பயிற்சியாளரைப் பற்றியது. முப்பது வருடத்தில் பதினேழு அணிகள். பெரிய அணி எதுவும் அவரைக் கூப்பிட்டதில்லை. மூழ்கப்போகிற அணிதான் கூப்பிடும்; இவர் போய்க் கரையேற்றுவார்; கரையேறியதும் அவர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். அவர் பழக்கிய அணிகளில் ஒன்றே ஒன்று, இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், மாநிலக் கோப்பையை வென்றது. அதைப் பற்றிக் கட்டுரை இப்படிச் சொன்னது: "இறுதிப்போட்டிக்கு முன்பே அணியைக் கைவிட்டு விலகினார். துணைப் பயிற்சியாளரின் தலைமையில் அணி கோப்பை வென்றது."

எழுதியது யார் என்று பார்க்க, கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தாள். சல்லடை. நான்கு வருடத்துக்கு முன்னால் அவளேதான்.

மாடிப்படியில் நின்று அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"நீதானாம்மா அது? நல்லா இரு," என்றது மறுமுனை. குரலில் வாழ்த்து இல்லை. "வர்ற வெள்ளிக்கிழமை அவருக்கு நேர்காணல். பொம்பளைப் பிள்ளைங்க அணி. ரெண்டு வருஷமா வேலை இல்லாம வீட்டுல உக்காந்திருந்த மனுஷன், இதைக் கேட்டதும் விசிலைத் தேடி எடுத்துத் துடைச்சு வெச்சாரு. நேத்து அந்த அணியோட செயலாளர் போன் பண்ணி, 'பாதியில விட்டுட்டு ஓடுற ஆளா சார் நீங்க? கட்டுரையில அப்படித்தான் போட்டிருக்கு'ன்னு கேட்டுட்டான். அதுலேர்ந்து மனுஷன் சரியா சாப்பிடல."

"அம்மா, இறுதிப்போட்டி ஆட்டத்தாள்ல பயிற்சியாளர்ங்கிற இடத்துல துணைப் பயிற்சியாளர் பேருதான் இருக்கு. அரையிறுதியில இவர் பேரு இருக்கு. அதனாலதான்..."

"அரையிறுதியில நடுவரைத் திட்டினதுக்கு அவரை வெளியேத்திட்டாங்க. அடுத்த ஆட்டத்துக்குத் தடை. மைதானத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. கிழக்கு கேலரில உக்காந்துதான் ஆட்டத்தை நடத்துனாரு. குடையை விரிச்சா முன்னேறு, மடக்குனா பின்வாங்கு. பக்கத்துல நான் உக்காந்திருந்தேன். குடையே என்னுது!"

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. ஆட்டத்தாளில் அந்த இடத்தில் எழுதுவது அன்றைக்குக் கோட்டோரப் பெஞ்சில் உட்கார்ந்தவர் பேரை. அணிக்கு யார் பயிற்சியாளர் என்பது வேறு விஷயம். பந்து பிடித்த கைக்கு இது தெரியாமல் போயிற்றே! இரண்டு தாள்களை ஒப்பிட்டு, நடுவில் இல்லாத ஒரு விலகலை அவளாகவே இட்டு நிரப்பியிருக்கிறாள். தன் மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"அம்மா, நம்புறேன். ஆனா நீங்க சொல்றதை வெச்சுத் திருத்த முடியாது. அச்சுல வந்திருக்கணும்."

"நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவ வாய்ச்சொல் செல்லாது, எவனோ அடிச்ச காகிதம் செல்லுமா?"

"செல்லும்மா," என்றாள் பரிதாபமாக.

வரியை மட்டும் நீக்கிவிடலாம். அது அவளால் முடியும். ஆனால் செயலாளர் படித்தது படித்ததுதான். நீக்கினால் மறைத்தது போலத் தெரியும். உண்மையை ஆதாரத்தோடு அந்த இடத்தில் வைக்க வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள்.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு காலையில் நூலகத்துக்குப் போனாள். பழைய நாளிதழில் அரையிறுதிச் செய்தியின் கடைசி வரியில், நடுவர் அவரை வெளியேற்றியது இருந்தது. நல்லது. ஆனால் தடை விழுந்த ஆள், கோபித்துக்கொண்டு விலகியும் இருக்கலாமே? இதே ஆதாரத்தை வேறு யாராவது கொண்டு வந்திருந்தால் "போதாது" என்று அவளே தள்ளியிருப்பாள். இறுதிப்போட்டிச் செய்தியில் கோல் அடித்தவன் பேரும் கூட்டத்தின் கணக்கும் மட்டுமே இருந்தன.

மதியம் கால்பந்துச் சங்க அலுவலகத்துக்குப் போனாள். டயர் கடைக்கு மேலே ஒரே அறை, மூன்று இரும்பு அலமாரி, ஒரு எழுத்தர்.

"சங்கத்துல மாதாமாதம் செய்திமடல் அச்சடிப்பாங்களே, இருபத்தாறு வருஷத்துக்கு முந்தினது இருக்கா சார்?"

"இருக்கு. ஆனா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல," என்றார் எழுத்தர் மரியாதையோடு, தூசியைத் தட்டியபடி.

இறுதிப்போட்டி மாதத்து மடலில் ஒன்றுமில்லை. அடுத்த மாதத்தில், ஆறாம் பக்கத்தில், 'புகார்கள்' என்ற தலைப்பின் கீழ் அது இருந்தது. தோற்ற அணி கொடுத்த மனு. "தடை விதிக்கப்பட்ட எதிரணிப் பயிற்சியாளர், வானத்தில் மேகமே இல்லாத நேரத்தில், கிழக்கு கேலரியில் கறுப்புக் குடை ஒன்றை நாற்பத்தொரு முறை விரித்தும் மடக்கியும் தம் வீரர்களை ஆட்டுவித்தார். நாங்கள் தோற்றது அந்தக் குடையால்தான். ஆகவே கோப்பையைத் திரும்பப் பெற வேண்டும்."

அதன் கீழே தீர்ப்பு: "இறுதிப்போட்டி முடிந்த மூன்றாம் வாரம், கோப்பை வென்ற அணியின் பயிற்சியாளர் நேரில் விசாரிக்கப்பட்டார். பார்வையாளர் குடை விரிப்பதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. மனு தள்ளுபடி."

ஆட்டம் முடிந்து மூன்று வாரம் கழித்தும் அணியின் பயிற்சியாளர் அவரேதான்; விலகவே இல்லை. அவள் சிரித்த சிரிப்பில் எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார். கட்டின மனைவியின் சாட்சி செல்லாத இடத்தில் எதிரி சாட்சி சொல்லியிருக்கிறான், அதுவும் எண்ணிப் பார்த்து! அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தாள், மூன்று படம் எடுத்தாள்.

அன்று சாயங்காலமே கட்டுரையைத் திருத்தினாள். தடை, கேலரி, குடை, மனு, தீர்ப்பு எல்லாம் ஏறின. ஒவ்வொரு வரிக்கும் பக்க எண். 'வென்ற கோப்பைகள்' என்று புதிதாக ஒரு பகுதி திறந்து, அதில் அந்த மாநிலக் கோப்பையை ஒரு வரியாக எழுதினாள். திருத்தத்துக்கான காரணம் கேட்கும் கட்டத்தில் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு தட்டினாள்: "முன்பு இருந்த தகவல் தவறு. அதைச் சேர்த்தவள் நானே. ஆட்டத்தாளைத் தவறாகப் புரிந்துகொண்டேன். வருந்துகிறேன்."

தோளுக்குப் பின்னால் நின்று படித்த கணவர் சொன்னார்: "யானைக்கும் அடி சறுக்கும்னு சும்மா சொல்லிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் ஆதாரம் கிடைச்சுது."

"போங்க அந்தப் பக்கம்," என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அழைப்பு வந்தது. இந்தத் தடவை ஆண் குரல், மைதானத்தில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல்.

"மேடம், வேலை கிடைச்சிருச்சு! கால்பந்தைப் பத்தி அஞ்சு நிமிஷம் கேட்டாங்க. மீதி அரை மணி நேரமும் குடையைப் பத்தித்தான். மைதானத்துக்குள்ள விடலைன்னாலும் அணியை விடாத ஆளு வேணும்னு அந்தச் செயலாளரே எழுந்து கை கொடுத்தாரு."

"ரொம்ப சந்தோஷம் சார்! ஆனா நீங்க முதல்ல என்னை மன்னிக்கணும்."

"அதை விடுங்க மேடம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." குரல் சற்று இறங்கியது. "அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் கேலரிலேர்ந்து இறங்கி ஓடினேன். வாசல்ல காவல்காரர் விடல. தடை இருக்குல்ல? சுத்திக்கிட்டு நான் போறதுக்குள்ள போட்டோ எடுத்து முடிச்சு, கோப்பையை எங்க நிர்வாகத் தலைவர் கார்ல ஏத்திக் கொண்டு போயிட்டாங்க. நான் அதைத் தொட்டுக்கூடப் பாக்கல. என் வீட்டுக்காரி நேத்து 'வென்ற கோப்பைகள்'ல இருந்த அந்த ஒரு வரியை எனக்குப் படிச்சுக் காட்டினா, மேடம். இருபத்தாறு வருஷம் கழிச்சு நேத்துதான் அது என் கைக்கு வந்துச்சு."

பரிசோதனைக் கூடத்தில் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"வாழ்த்துகள் சார்," என்றாள், ஒரு தடவை புது வேலைக்கு, இன்னொரு தடவை கோப்பைக்கு.