சரஸ்வதி காலடியில் கடைசி அத்தியாயம்

போன வாரம் கல்கத்தாவில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சரஸ்வதி பூஜை. காலையிலேயே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. காரணம் – என் நாவலைத் தூக்கிக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்துவிட்டார்கள்!

நான் எழுதிய நாவல் இல்லை, பயப்படாதீர்கள். எனக்குப் பிடித்த நாவல்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். விண்கலம், வேற்றுலகம், பேசும் மலை என்று எதையாவது படித்துவிட்டு, எதிரில் வருகிறவரிடமெல்லாம் "இதைப் படிங்க, அவசியம் படிங்க" என்று உயிரை எடுப்பேன். பலன்? சொல்கிறேன், கேளுங்கள்.

மழையை மூட்டை கட்டி விற்கும் ஊரைப் பற்றி அருமையான மாயக்கதை ஒன்று. லேக் மார்க்கெட்டில் காபிப்பொடி வாங்க வரும் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜரிடம் ஆசையாகக் கொடுத்தேன். அடுத்த வாரமே முகத்தைச் சுளித்தார். "மழையை எப்படி சார் மூட்டை கட்ட முடியும்? ஒழுகிடாதா?" முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டாராம். சரி, புத்தகம்? சால்ட் லேக்கில் மகன் வீட்டில் இருக்கிறதாம்.

இன்னொன்று, ஒரு நகரத்துக் கடிகாரங்கள் எல்லாம் பின்னோக்கி ஓட ஆரம்பிக்கும் கதை. டாலிகஞ்ச் நண்பர் ஒருவர் வாங்கிப்போய், முதல் வேலையாகக் கடைசிப் பக்கத்தைப் படித்தார். "தெரிஞ்சு போச்சு, அவ்வளவுதானே?" என்று போனில் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்தப் புத்தகம் இப்போது அவர் மச்சினியிடம்.

முடிவைச் சொல்வது பாவம் என்பது என் கட்சி. பிடித்த கதையைப் பற்றி, அதைப் படித்து முடித்த இன்னொருவரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இது பெரிய ஆசையா? இவ்வளவு பெரிய ஊரில், பார்க் பெஞ்சுக்குப் பெஞ்சு இலக்கியம் பேசுகிற ஊரில், எனக்கு ஒரே ஓர் ஆள் கிடைக்கவில்லை... நித்யா வரும்வரை.

நித்யா திண்டுக்கல் பெண். செக்டர் ஃபைவில் ஐ.டி. வேலை. கீழ்வீட்டு மிதாலி பௌதியின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பௌதி என்றால் அண்ணி. பக்கத்து வீட்டு அம்மாள்கள் எல்லாரும் இங்கே நமக்கு அண்ணிதான். மிதாலி பௌதியின் பிள்ளைகள் வெளிநாட்டில். நித்யா வந்த பிறகுதான் பௌதி வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது.

"பௌதி எனக்காக சாம்பார் வெக்கறாங்க சார். ஆனா அதுல சர்க்கரை போடறாங்க!" என்று மாடிப்படியில் நின்று புலம்புவாள். ஆனால் தட்டைக் காலி பண்ணிவிடுவாள்.

அவளிடம்தான் என் உயிருக்கு உயிரான நாவலைக் கொடுத்தேன். அச்சில் இல்லாத தமிழ் நாவல். தலைப்பைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே போனை எடுத்துக் கதைச் சுருக்கம் தேடுவீர்கள், எனக்குத் தெரியாதா உங்களை? நிலவில் வேலைக்குப் போகிறாள் ஒரு தூத்துக்குடிப் பெண். அங்கே சமையல்கட்டில் ஒரு பழைய இயந்திரம். அதற்கு ருசி தெரியாது. அவள் சொல்லச் சொல்லப் புளிக்குழம்பு வைக்கக் கற்றுக்கொள்கிறது, தப்பும் தவறுமாக. கடைசியில் அவளுக்கு ஊருக்குத் திரும்ப உத்தரவு வருகிறது. போனவள் திரும்பி வருவாளா? அதுதான் கடைசி அத்தியாயம்.

நித்யா படித்தாள். ஆபீஸ் பஸ்ஸில், ஆட்டோவில், சாப்பாட்டு மேஜையில் என்று விடாமல் படித்தாள். "சார், அந்த மெஷினை நெனச்சா அழுகை வருது" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி அத்தியாயம்தான் பாக்கி. பூஜை அன்று லீவு. படித்து முடித்துவிட்டு, மாலையில் என் வீட்டில் டீயோடு உட்கார்ந்து பேசுவதாகத் திட்டம். மறுநாள் மதியம் அவளுக்குச் சென்னை ரயில். மாற்றல் வந்துவிட்டது. அந்த மாலையை விட்டால் வேறு மாலை இல்லை.

இந்த லட்சணத்தில்தான் பௌதி புத்தகத்தை அம்மனிடம் வைத்தார். ஏன்? "எப்பப் பாரு கையில அதுதானே வெச்சிருக்கா! ஆபீஸ் பரீட்சைக்குப் படிக்கிறான்னு நெனச்சேன், தாதா. அம்மன் ஆசீர்வாதம் வேண்டாமா?" என்றார் வங்க மொழியில். தாதா என்றால் அண்ணன். தமிழ் எழுத்து தெரியாதவருக்குப் பாடப் புத்தகம் ஏது, நாவல் ஏது?

வைத்த புத்தகத்தை மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை தொடக்கூடாது. அன்று முழுக்க எதையுமே படிக்கக்கூடாது. நம் வீட்டில் நவராத்திரியில் ஒரு முறை இந்தத் தடை. இங்கே தை, மாசி வாக்கில் மறுபடி ஒரு முறை. கல்கத்தா தமிழனுக்கு மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை படிப்புக்கு லீவு!

"பௌதி, அது வெறும் கதைப் புத்தகம். எடுத்துக் கொடுத்துடுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"ஓ மா! கதைன்னா மட்டும் சரஸ்வதி இல்லையா?"

மஞ்சள் புடவையில் நின்றுகொண்டு நித்யா வேறு சிரிக்கிறாள்.

அம்மனுக்குப் பூப்போடும் அஞ்சலி முடிந்தது. அரிசியும் பருப்பும் குழைத்த பிரசாதக் கிச்சுரியைச் சுடச்சுடச் சாப்பிட உட்கார்ந்தோம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பௌதிக்குப் பாவமாக இருந்ததோ என்னவோ, "படிக்கத்தானே கூடாது, சொல்லலாமே! எனக்குக் கதையைச் சொல்லுங்க, தாதா" என்றார்.

சொன்னேன். நிலவு, இயந்திரம், உப்புக் கூடின குழம்பு, எல்லாம் சொன்னேன். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டிருந்த பௌதி, ஊருக்குத் திரும்ப உத்தரவு வந்த இடத்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கிச்சுரி தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"சார், முடிவைச் சொல்லிடாதீங்க!" என்று நித்யா இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டாள்.

பௌதி என்னைப் பார்த்தார். "மேயேடா ஃபிரே ஆஷ்பே தோ, தாதா?" பொண்ணு திரும்பி வருவா இல்ல?

என் கொள்கை என்ன? முடிவைச் சொல்வதில்லை. ஆனால் அந்த அம்மாள் நிலவுக்குப் போனவளைப் பற்றியா கேட்டார்? பௌதி வீட்டுக் கதவோரம் நித்யாவின் பெட்டிகள் கட்டித் தயாராக நின்றன.

"வருவா, பௌதி. கண்டிப்பா வருவா. மெஷின் வாசல்லயே காத்துக்கிட்டிருக்கும். அவ வந்து, குழம்புல உப்பு ஜாஸ்தின்னு திட்டுவா" என்றேன்.

பௌதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி கிச்சுரி போட்டார்.

மறுநாள் பூஜை முடிந்து புத்தகம் விடுதலையானது. நித்யாவோடு ரயிலேறிப் போய்விட்டது. இத்தனை வருஷம் காத்திருந்தவனுக்கு அந்த டீ கிடைக்கவில்லை. அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

அடுத்த நாள் காலை போன். விஜயவாடா தாண்டிவிட்டாளாம்.

"சார்! அவ திரும்பி வரவே இல்லையே! அந்த மெஷின் லைட்டைப் போட்டுக்கிட்டு, பேட்டரி தீர்ற வரைக்கும் உக்காந்திருக்கே! பௌதிகிட்ட என்ன சொன்னீங்க நீங்க?"

"காதை மூடிக்கிட்டுதானேம்மா இருந்தே?"

"அதை விடுங்க. ஏன் சார் பொய் சொன்னீங்க?" குரல் உடைந்துவிட்டது.

பிறகு பேசினோம். அவள் ஏன் வரவில்லை, வந்திருக்கலாமா, அந்த எழுத்தாளருக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று சிக்னல் போகும் வரை பேசினோம், திட்டினோம், ஒத்துப்போனோம். நான் கேட்டது இதைத்தானே!

போனை வைப்பதற்கு முன்னால் சொன்னாள்: "பௌதிகிட்ட நிஜ முடிவைச் சொல்லவே சொல்லாதீங்க, சார். நீங்க சொன்னதே இருக்கட்டும். துர்கா பூஜைக்கு லீவு போட்டுட்டு நான் வந்துடறேன்."

இப்போது பௌதி அந்தக் கதையைத் தெரு முழுக்கச் சொல்லிவருகிறார் – என் முடிவோடு. கறிகாய்க் கடையில் ஒரு பெண்மணி "அந்த நிலா புஸ்தகம் கிடைக்குமா?" என்றுகூடக் கேட்டுவிட்டார்.

எப்படிக் கிடைக்கும்? அது நித்யாவிடம் இருக்கிறது. அவள் திரும்பி வருவாள், அதை நம்புகிறேன். இரவல் போன புத்தகமும் கூடவே வரும் என்று எழுத, எந்த மாயக்கதை எழுத்தாளருக்கும் இதுவரை துணிச்சல் வந்ததில்லை!