மூன்றாம் ஓலை

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். ஓலை என்றதும் பனையோலையை நினைக்க வேண்டாம். வெறும் ஏ-ஃபோர் தாள்தான். பூசை முடிகிற நேரத்தில் சாமியார் அதைக் கையில் எடுத்து, இன்னாருடைய மகன் இன்னாரும் இன்னாருடைய மகள் இன்னாரும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசிப்பார். 'கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்துவார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பாதிப்பேர் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருப்பார்கள். என் மாமாவுக்கு முதல் ஓலை வாசித்த அன்று, ஒரு தடை இருப்பதை அறிந்த பத்து வயதுப் பெண் ஒருத்தி நான்காவது வரிசையில் வேர்த்து உட்கார்ந்திருந்தாள். அந்தத் தடையை உண்டாக்கியதும் அவள்தான்.

மாமா அம்மாவின் தம்பி. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒரு ராக் பேண்டில் பேஸ் கித்தார் வாசித்தார். பள்ளிக்கூடத்தில் நாலு பையன்கள் சேர்ந்து பேண்ட் தொடங்கியபோது எல்லாருக்கும் லீட் கித்தார்தான் வேண்டுமாம். சீட்டுக் குலுக்கியதில் மாமாவுக்கு பேஸ் விழுந்தது. ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் பிறகு அதை விடவேயில்லை. சமூக மன்றத்துப் பொங்கல் விழாவிலிருந்து ஜொகூர் பாருவில் புகைமண்டிய மதுக்கடை வரை பத்து வருஷம் அதோடு அலைந்தார். அதில் நாலே கம்பி. "மத்தவங்க வீடு கட்டுறாங்க, நான் தரை போடுறேன்" என்று எனக்கு விளக்கியிருந்தார். சோற்றுக்கு சாங்கி விமான நிலையத்தில் கார்கோ பிரிவில் பகுதிநேர ஷிஃப்டு. பேண்ட் பேச்சு வந்தால், லீட்ல அவன், டிரம்ஸ்ல இவன், பேஸ்ல நான் என்பார். நானும் அப்படியே சொல்லிப் பழகியிருந்தேன்.

அந்த வருஷம்தான் அவர்களுக்கு ஒரு வழி திறந்திருந்தது. கோலாலம்பூரில் பெயரெடுத்த ஒரு பேண்ட் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா என்று மூன்று மாதம் சுற்றப்போகிறது. ஊருக்கு ஊர் அவர்களுக்கு முன்னால் மேடையேற மாமாவின் பேண்டைக் கூப்பிட்டிருந்தார்கள். அதே சமயத்தில் பெண் வீட்டாரே விரும்பி ஒரு சம்பந்தமும் வந்தது. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏனென்றால் இதற்கு முன்னால் வந்த இரண்டு சம்பந்தங்களும் 'பேண்ட்' என்ற சொல்லைக் கேட்டதும் தேநீரைக்கூட முடிக்காமல் எழுந்து போயிருந்தன.

பெண்ணின் பெற்றோர் வந்த அன்று மாமா ஒத்திகையில் மாட்டிக்கொண்டார். அம்மா அடுப்படியில் கறிபாப் பொரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு வேலை. ஆக, விருந்தினரை உபசரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"தம்பி எதுல இருக்காரு?" என்று பெண்ணின் அப்பா பொதுவாகக் கேட்டார்.

"சாங்கியிலண்ணே" என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பெரிய பங்கை அம்மா விட்டுவிட்டாளே என்று தோன்றியது. "பேஸ்ல இருக்காரு அங்கிள்" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேஸ்லயா! எத்தன வருஷமா?"

"பத்து வருஷமா."

"வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புறாங்களா?"

"இப்போ மூணு மாசத்துக்குப் போறாரு. தாய்லாந்துகூட."

அவர் மனைவி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்: "ஏர்ஃபோர்ஸ் லா. சாங்கி ஏர்பேஸ். இவங்கள்லாம் வேலையப் பத்தி வெளிய பேசக்கூடாது. நாமளும் கேக்கக்கூடாது."

நான் வாயைத் திறந்தேன். அதே நேரம் அம்மா தட்டோடு வந்து நின்றாள். அவள் காதில் எல்லாம் விழுந்திருந்தது. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. ஒரு கணம் தயங்கினாள். பிறகு, "கறிபாப் எடுத்துக்கோங்கண்ணே, சூடு ஆறிடும்" என்றாள்.

அவர்கள் போன பிறகு என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "நீ பொய் சொன்னியா?" என்றாள். இல்லை என்றேன். "நான் பொய் சொன்னேனா?" யோசித்துப் பார்த்தேன். அதுவும் இல்லைதான். "அப்புறம் என்ன? கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் மாமாகிட்டகூட மூச்சு விடக்கூடாது" என்றாள். அம்மா அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இந்த நிலைமையில்தான் முதல் ஓலை. தடையோடு நடக்கிற கல்யாணம் கல்யாணமே ஆகாது என்று மறைக்கல்வி வகுப்பில் டீச்சர் சொல்லியிருந்தார். அவர் எதைத் தடை என்றார் என்பதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. மாமாவும் அந்தப் பெண்ணும் ஊரறியத் தாலி கட்டி, ஆனால் கல்யாணமாகாமல், வாழ்நாளெல்லாம் பாவத்தில் உழலப்போகிறார்கள் என்று நம்பினேன்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்து வெளியே காப்பி குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில், பெண்ணின் அப்பா மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தம்பி, உங்க வேலையப் பத்தி நான் ஒரு வார்த்த கேக்கமாட்டேன். எனக்குப் பெருமதான்" என்றார். மாமாவின் கண் கலங்கிவிட்டது. வீடு வரும்வரை அதே பேச்சு. பத்து வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்றார். அம்மா எம்.ஆர்.டி. ரயில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாலும், கடவுளிடம் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டேன். தட்டிக்குப் பின்னால் சாமியாரின் நிழல் தெரிந்தது. அம்மாவை எதிர்த்துப் பேசியது, நோன்பு நாளில் சிக்கன் நகெட் தின்றது எல்லாவற்றையும் வேகமாக ஒப்பித்துவிட்டு, "ஃபாதர், நாளைக்கு வாசிக்கப்போற ஓலைல ஒரு தடை இருக்கு" என்றேன். பேஸ், ஏர்பேஸ், கறிபாப் ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இருமல் வந்தது. இருமல்தான் என்று அப்போது நினைத்தேன். பிறகு அவர், சொல்ல வேண்டியவர்களிடம் நீயே சொல்லலாமே மகளே என்று சொல்லி, மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். நான் பத்துச் சொன்னேன். என் பாரத்தை அவர் தலையில் ஏற்றியாயிற்று, இனி அவர் பாடு என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அவர் தாளைக் கையில் எடுத்தார். இதோ நிறுத்துவார், இதோ எங்கள் வரிசையைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அதே குரலில், அதே அழுத்தத்தோடு, 'கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்று முடித்துத் தாளை மடித்துவிட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே சொல்லக்கூடாது என்பது எனக்கும் பாடமாக இருந்ததுதான். அது பாவங்களுக்கு மட்டும், தகவல்களுக்கு இல்லை என்று நானாக வைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அம்மா பக்கம் சேர்ந்துவிட்டார் என்றே அன்று முடிவு கட்டினேன்.

பூசை முடிந்ததும் மாமா வழக்கம்போல என்னைத் தேக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே சாப்பிட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு கடையின் மாடியிலிருந்த ஒத்திகை அறைக்குப் போவோம். கித்தார்ப் பையைப் பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, சுற்றுப்பயணத்தில் ஊர் ஊராக எனக்கு என்னென்ன வாங்கி வருவார் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் குவித்தேன். அழுதுவிட்டேன். சாதாரணமாக அழவில்லை, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். என்னடா குட்டி, என்னடா என்று அவர் பதறப் பதற எல்லாவற்றையும் கொட்டினேன்.

மாமா முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

நான் பரோட்டாவைப் பார்த்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. எழுந்து பையைத் தோளில் மாட்டினார். ஒத்திகைக்குப் போகவில்லை. பெண் வீடு இருந்த அங்மோகியோவுக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தார்.

பெண்ணின் அப்பா இடுப்பில் சாரத்தோடு கதவைத் திறந்தார். "அடடே, வாங்க தம்பி" என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். மாமா உட்காரவில்லை. வரவேற்பறை நடுவே பையைக் கிடத்தி ஜிப்பைத் திறந்தார்.

"அங்கிள், பாப்பா சொன்ன பேஸ் இதுதான்."

அவர் குனிந்து பார்த்தார். "இது கித்தார் லா."

"இதுக்குப் பேரு பேஸ், அங்கிள். பேண்ட்ல வாசிக்கிறேன். ஏர்பேஸ்ல நான் இல்ல. சாங்கியில கார்கோவுல பார்ட்-டைம் பாக்குறேன். நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அவர் கித்தாரையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்து சிவந்துகொண்டே வந்தது. அடிக்கப்போகிறார் என்று நினைத்து மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளறை வாசலில் அந்தப் பெண், எனக்கு அத்தையாகப் போகிறவள், வந்து நின்றாள்.

"மூணு ஓலையும் வாசிச்சாச்சு" என்றார் அவர். குரல் உயரவில்லை. "கார்டு குடுத்தாச்சு. ஏர்ஃபோர்ஸ் மாப்பிள்ளன்னு ஒருத்தர் விடாம சொல்லியாச்சு. இனிமே கல்யாணம் நிக்கக்கூடாது." கித்தாரைத் தொடாமல் காலால் அதன் பக்கம் காட்டினார். "அப்போ இது நிக்கணும்."

"அப்பா..." என்றாள் அவள்.

"நீ உள்ள போ."

அவள் போகவில்லை. மாமா அவளைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். வேண்டாம் என்பதுபோல இருந்தது. எது வேண்டாம் என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவுக்கு, கல்யாணம் வேண்டாம் என்கிறாள் என்று பட்டிருக்க வேண்டும். அவர் அவசர அவசரமாக, "சரிங்க அங்கிள். விட்டுடுறேன்" என்றார். பத்து வருஷம் அரை நிமிடத்தில் முடிந்தது.

எனக்கோ தலைகால் புரியவில்லை. தடை நீங்கிவிட்டது! உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று டீச்சர் சொன்னது எவ்வளவு சரி! மாமா பின்னால் மெதுவாக வர, நான் ஓடிப்போய் லிஃப்ட் பொத்தானை அமுக்கினேன்.

மாமா சாங்கியில் முழுநேரமாகச் சேர்ந்தார். இப்போது அங்கே சூப்பர்வைசர். நல்ல வேலை, நல்ல பெயர். பேண்ட் வேறோர் ஆளை வைத்துக்கொண்டு சுற்றுப்பயணம் போய்வந்து, இரண்டு வருஷத்தில் கலைந்தது. எப்படியும் கலையத்தானே போகிறது என்று அம்மா இன்றைக்கும் ஆறுதல் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து போகத் தோன்றும்.

அத்தை தன் பக்கத்துக் கதையை என்னிடம் சொன்னது, நான் பாலிடெக்னிக் முடித்த வருஷம். ஒரு திறந்தவெளிக் கச்சேரியில் மழை பிடித்துக் கூட்டமெல்லாம் ஓடிவிட, பத்துப் பதினைந்து பேருக்காக மாமாவின் பேண்ட் நாலு பேரும் கடைசிவரை வாசித்தார்களாம். குடையோடு நின்ற அந்தப் பத்துப் பதினைந்து பேரில் அவள் ஒருத்தி. பேஸில் நின்றவர் கோயிலில் பார்த்த முகம் என்று கண்டுகொண்டு, கோயிலுக்கு வரும் ஓர் ஆன்ட்டியைப் பிடித்துச் சம்பந்தம் பேச வைத்தவளும் அவளே. அவள் அப்பா ஏர்ஃபோர்ஸ் என்று வீட்டில் வந்து சொன்னபோது சிரிப்பை அடக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாளாம். சுற்றுப்பயணத்தில் முதல் மாதம் கூடவே போக, யாருக்கும் சொல்லாமல், ஆபீசில் சம்பளமில்லா விடுப்பும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாத அந்தக் கல்யாண வரவேற்பில் மாமாவின் நண்பர்கள் வந்து இரண்டு பாட்டு வாசித்தார்கள். பேஸில் புது ஆள் நின்றார். கையிலிருந்தது மாமா கொடுத்த கித்தார். மாமா கோட்டும் சூட்டுமாக மணமேடை நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களோடு கைதட்டினார். பக்கத்தில் அத்தை அழுதாள். பொட்டுப் பொட்டாகத் தொடங்கி, தோள் குலுங்கும் அளவுக்கு அழுதாள். பொண்ணுன்னா பொறந்த வீட்ட விட்டுப் போறப்ப அழத்தானே செய்வா என்றார்கள் பெண்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டிஷ்யூப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேடையேறினேன்.

"அழாதீங்க அத்தை. உட்லண்ட்ஸ்லேருந்து 169 ஏறினா நேரா உங்கம்மா வீடுதான். பஸ்கூட மாற வேணாம்" என்றேன்.

அவள் என்னை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டு இன்னும் அழுதாள். நான் சொன்னதை நம்பவில்லை போலும் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வரும் என்பதையும் சொன்னேன்.