வெள்ளைக்காரக் கிழவியின் கன்னம்

எழுபதுகளில், ஸ்ரீரங்கத்தில் புது மருமகளாக இருந்தபோது ஆயில் பெயிண்டிங் பழகினேன். பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றை, ஒரு கிழவியின் முகத்தை, காலண்டரில் பார்த்துப் பிரதி எடுத்தேன். மூன்று மாதம் கனவில் இருப்பதுபோல அவளோடுதான் வாழ்ந்தேன். மாமியாரிடம் தேவைக்கு மேல் பேசமாட்டேன்.

ஒருநாள் காலை, காபி வைக்க வந்த மாமியார் படத்தைப் பார்த்துக் கேட்டார்: "பாவம், இவங்களுக்கு ஒடம்பு சரியில்லையாம்மா?"

சுருக்கென்றது. வெயிலில் காலண்டர் வெளுத்து, சிவப்பெல்லாம் போய், கிழவியின் முகத்தில் நீலம் பாய்ந்திருந்தது. அதையும் அப்படியே வரைந்திருக்கிறேன்! கோபமாக நிமிர்ந்தேன். காவிரிப் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது. பூசிய மஞ்சளுக்கு அடியில் மெல்லிய செம்மை.

"அத்தை, கொஞ்சம் அப்படியே நில்லுங்க."

அந்தச் செம்மையைக் கிழவியின் கன்னத்தில் தீட்டி முடிப்பதற்குள் காபி ஆறிப்போனது.

ஈரம் காயாத படத்தைப் பார்த்து, "இப்பத் தேறிட்டாங்க," என்றார். அது தன் கன்னம் என்று அவருக்குத் தெரியவில்லை. அன்று காலைவரை எனக்கும் அந்தக் கன்னத்தைத் தெரியாது.