எறங்கிடுச்சா கஸ்தூரி?

கஸ்தூரி இறந்துட்டா.

நம்ம பேஜ்ல லிப் பாம் வாங்கினவங்களுக்கு அவளைத் தெரியும்... வீடியோல முகம் வராது, ரெண்டு கை மட்டும் கலக்கிட்டே இருக்குமே, அந்தக் கை அவளோடது.

காலையில அவ வீட்டுக்காரர் ஃபோன் பண்ணினார். போளூர்ல பஸ் பிடிச்சு, மலையில இருக்கற அவ ஊருக்கு வந்தேன். அடக்கம் முடிஞ்சு, இப்போ ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து இதை டைப் பண்றேன். எதையும் சரியா யோசிக்க முடியல.

டெங்குவாம்.

திருப்பத்தூர்ல ஒரு ஃபேன்ஸி ஸ்டோர்ல ரெண்டு பேரும் ஒரே கவுன்ட்டர்ல வேலைக்கு நின்னோம். அடுத்தவன் பண்ற லிப் பாமை எத்தனை நாளைக்கு விக்கறது, நாமளே பண்ணலாமேன்னு முதல்ல கேட்டது அவதான்.

முதல் பேட்ச்ல பீட்ரூட் பொடி என் ஐடியா. எண்ணெயில கரையவே இல்ல, அடியில மண்ணு மாதிரி உட்கார்ந்துடுச்சு. அதையும் பூசிக்கிட்டு ஜம்முன்னு பஸ் ஏறிட்டா. பல்லெல்லாம் சிவப்பு. வெத்தலையாம்மான்னு கண்டக்டர் கேட்டாராம். ஆமாங்க, புது மாடல் வெத்தலைன்னு சொல்லிட்டு வந்திருக்கா.

அப்புறம்தான் நாட்டு மருந்துக் கடையில வேம்பாளம்பட்டை வாங்கினோம். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைச் சிவப்பாக்குமே, அதே பட்டை. விளக்கெண்ணெயில போட்டு அவ வீட்டு வெயில்ல வைப்பா. பட்டையோட சிவப்பு எண்ணெய்க்கு வர்றதுக்கு எங்க பாஷையில எறங்கறதுன்னு பேரு. நான் அவளுக்கு அதிகமா அனுப்பின மெசேஜ் அந்த ஒரு வார்த்தைதான்... எறங்கிடுச்சா?

மலையில கெட்டியா நின்ன பாம், போளூர் வெயிலுக்கு டப்பாவுக்குள்ளயே உருகி ஓடிடுச்சு. வாங்கினவங்க எல்லாம் திட்டினாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு, அவளுக்குச் சிரிப்பு. தேன்மெழுகைக் கூட்டினோம். நின்னுது, ஆனா பளபளப்பு போயிடுச்சு.

அதுலதான் எங்க சண்டையே. பனியில மலையில உதடு வெடிச்சு ரத்தம் வருது, ஈரப்பதம்தான் முக்கியம், பளபளப்பு எதுக்குன்னு நான் கேட்டேன்.

"ஒதடு வெடிக்கறது எங்களுக்குப் பழக்கம்தான்க்கா. மினுக்கறதுதான் பழக்கமில்ல."

அடுத்த பேட்ச்லயே பளபளப்புக்குன்னு விளக்கெண்ணெயைக் கூட்டிட்டேன்.

போன வாரம் காய்ச்சல்னு சொன்னா. எண்ணெயை அப்படியே விட்டுட்டுப் போய்ப் படுடின்னேன். சரிக்கான்னா. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் மெசேஜ் போட்டேன்.

எறங்கிடுச்சா?

"நல்லா எறங்கிடுச்சுக்கா"ன்னு பதில் வந்தது. நான் சூப்பர்னு போட்டு, கூடவே ஒரு கட்டைவிரலும் அனுப்பிட்டு, நிம்மதியா டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்ட உட்கார்ந்தேன்.

இன்னிக்கு அவ வீட்டுக்காரர்கிட்ட முதல்ல கேட்டதே அதைத்தான். காய்ச்சல் எறங்கிச்சா, இல்லையா?

"எறங்கிச்சுங்க. எழுந்து கஞ்சி குடிச்சா, வூட்ல எல்லார்கிட்டயும் பேசினா. அதுக்கப்புறம்தாங்க வயித்து வலின்னா."

இந்தக் காய்ச்சல்ல சூடு விட்ட பிறகுதான் ரொம்ப கவனமா பார்க்கணுமாம். ஆஸ்பத்திரியில சொன்னாங்களாம். எனக்கு இது புரியவே மாட்டேங்குது... காய்ச்சல் விட்டா உடம்பு சரியாயிடுச்சுன்னுதானே இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தோம்?

ஜன்னல்ல அந்த எண்ணெய் பாட்டில் இருந்துச்சு. வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். கலரும் நல்லாவே எறங்கியிருக்கு.

அப்போ நீ எதைச் சொன்ன? எண்ணெயையா, உடம்பையா?

அந்த மெசேஜைத் திரும்பத் திரும்பப் படிச்சுட்டேன். ரெண்டுக்கும் சரியா பொருந்துது. நீ எண்ணெயைத்தான் சொல்லியிருந்தா... நான் போட்ட சூப்பரும் கலருக்குன்னுதானே எடுத்துட்டிருப்ப? காய்ச்சலோட கிடக்கறேன், எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல, இந்த அக்காவுக்கு எண்ணெய்தான் பெருசுன்னு...

பஸ் வந்துடுச்சு. பாட்டில் என் மடியில இருக்கு. அவர்தான் எடுத்துட்டுப் போங்கன்னு குடுத்தார்.

நான் கேட்டது உன் காய்ச்சலைத்தான் கஸ்தூரி.

போய்ட்டு வா.