புதன்கிழமை விரதம்

எங்கள் மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு என் மனைவி ஐந்து மாதங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அதை நான் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து போனவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பு இன்னும் சில வாரங்கள் நீடித்திருந்தால் பிள்ளைகள் தாயை இழந்திருக்கக்கூடும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அவர் மிகைப்படுத்திப் பேசுகிறவர் அல்லர்.

அது அறுபதுகளின் பிற்பகுதி. நான் பகலில் திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞன். மாலையில் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் பகுதிநேர நிருபர். தேயிலை ஏற்ற வந்த கப்பல், கோயில் கொடியேற்றம், கடலில் காணாமற்போன தோணி, மரண விசாரணை எல்லாம் எழுதுவேன். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்காமல் ஒரு வரியும் எழுதமாட்டேன். அந்தப் பழக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆனால் வேலை நாட்களில் என் மனைவி சாப்பிடுவதை நான் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாடு எனக்குக் கந்தோரில். இரவில் அவள் பரிமாறுவாள், நான் சாப்பிடுவேன், எழுந்து கை கழுவி எழுத உட்காருவேன். அவள் பிறகு குசினிக்குள் சாப்பிடுவாள். எங்கள் வீடுகளில் அதுதான் ஒழுங்கு. பதினொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்நேரம் அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் எவ்வளவு சோறு இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

விடுமுறை நாளில் மட்டும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். அது ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டு, அமாவாசை, பூரணை, இடையில் வரும் அரை நிலா நாட்கள் என்ற போயா தினங்களை வார விடுமுறையாக்கியிருந்த காலம். போயா ஒரு கிழமையில் நிற்காது. நிலவோடு சேர்ந்து மெல்ல நகரும். இந்த மாதம் வெள்ளியில் வந்த விடுமுறை அடுத்த மாதம் சனிக்கும் ஞாயிறுக்கும் போய்விடும். நாலைந்து மாதத்தில் ஏழு கிழமையையும் சுற்றி வரும். பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் அது ஒரு தலையிடி. எனக்கு அதுதான் கண்ணைத் திறந்தது. அதற்கும் ஐந்து மாதம் பிடித்தது.

விடுமுறை வெள்ளியில் வந்தபோது அவள் சாப்பிடவில்லை. "இண்டைக்கு வெள்ளியெல்லே" என்றாள். சனியில் வந்தபோது சனி விரதம். ஞாயிறில் வந்தபோது கைப்பிள்ளைக்குக் கண்ணில் பீளை, சூரியனுக்கு நேர்ந்திருக்கிறேன் என்றாள். அடுத்தது சோமவாரம். பிறகு செவ்வாய், வெருகல் முருகனுக்கு. இடையில் பூரணை வந்தது, அது இறந்துபோன அவளுடைய தாய்க்கு. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன்.

முன்பு அவள் அப்படிப்பட்டவள் அல்லள். கோயிலுக்குப் போவாள், ஆனால் பூசை நீண்டால் கால் மாற்றி நிற்பாள். வாய் ஓயாது. மீன் கொண்டுவரும் நானாவோடு தினமும் காலையில் வாசல் படலையடியில் ஒரு வழக்கு நடக்கும். கிண்ணியாவிலிருந்து வந்து பட்டினத்தில் குடியிருந்த முஸ்லிம் அவர். சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். அவள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள்.

"இது எத்தினை நாள் மீன், நானா? உங்கட கலியாணத்துக்குப் பிடிச்சதோ?"

"தங்கச்சி, கடல்ல இருந்து நேரா உங்கட வூட்டுக்குத்தான் வாறன்."

"அப்ப நீந்தி வந்திருக்கலாமே, சைக்கிள் எதுக்கு?"

இதை நான் சவரம் செய்துகொண்டு கேட்பேன். பிள்ளை பிறந்து இரண்டு மாதத்தில் இந்த வழக்கு நின்றுவிட்டது. நின்றதை நான் கவனித்தேன். வீடு அமைதியாக இருக்கிறது, எழுத வசதி என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தது அதுதான்.

மற்ற மாற்றங்களையும் பார்த்தேன். அரிசியைச் சுளகில் போட்டுக்கொண்டு உட்காருவாள். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் சுளகு அப்படியே மடியில் இருக்கும். மூத்தவள் தன் தலையைத் தானே பின்னத் தொடங்கியிருந்தாள், ஒரு பின்னல் மேலே, ஒரு பின்னல் கீழே. பிள்ளை அழுதால் மனைவி எழுந்து போய்ப் பால் கொடுப்பாள். பிறகு பிள்ளையைக் கிடத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அழுததேயில்லை. கவலையில் இருப்பவர்கள் அழுவார்கள் என்பது என் எண்ணம். அழாததால் அவளுக்குக் கவலை இல்லை என்று முடிவு கட்டினேன்.

விடுமுறை திங்களில் வந்துகொண்டிருந்த நாட்களில் என் அக்கா கட்டைபறிச்சானில் இருந்து வந்தாள். மூதூருக்கு வந்து, அங்கிருந்து குடாவைக் கடக்கும் லோஞ்ச் ஏறி, கையில் ஒரு முட்டி தயிரோடு இறங்குவாள். என் மனைவிக்கும் அவளுக்கும் பதினொரு வருடமாக ஒத்துப்போனதில்லை. இந்த முறை அக்கா முகம் முழுக்கச் சிரிப்பு.

"தம்பி, உன்ர பெண்சாதி எவ்வளவு திருந்திற்றாள். வாயைத் திறந்தா மூடமாட்டாளே, இப்ப கேட்டாத்தான் ஒரு பதில். விரதம் வேற. கடவுள்தான் நல்ல புத்தி குடுத்திருக்கார்."

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். பழைய ஆளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு அக்கா அன்றைக்கே லோஞ்ச் ஏறியிருப்பாள். என் மனைவி தயிர் முட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஊரில் போய் அக்கா இதைப் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, தபாற்கந்தோருக்குச் செய்தி அனுப்பப் போகும் வழியில் மீன்கார நானா சைக்கிளை நிறுத்தினார்.

"தம்பி, ஒண்டு கேட்டா கோவிக்க மாட்டீங்களே?"

"கேளுங்கோ நானா."

"உங்கட வூட்டுல மீன் எடுத்து மூணு மாசமாச்சு. கேட்டா நோம்பு எண்டு தங்கச்சி சொல்லுது. எங்கட நோம்புக்கும் கடைசியில ஒரு பெருநாள் இரிக்கி, தம்பி. உங்கட வூட்டு நோம்பு முடியிற மாதிரித் தெரியல்லையே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"போன கிழமை ஹோர்ன் அடிச்சன். படலைக்கு வந்து நிண்டுது. என்னைப் பாத்துது, ஆனா பாக்கல்ல. கை ரெண்டும் ஈர்க்குக்குச்சி. என்னோட கூடப் பொறந்த ராத்தாவுக்கும் புள்ள பெத்த பொறகு இப்பிடித்தான். நாங்க ஓதிப் பாத்தம், தண்ணி ஊத்திப் பாத்தம். ஆருக்கும் விளங்கல்ல."

"பிறகு?"

"பொறகு என்ன, தம்பி. மௌத்தாப் போயிட்டா. நாங்கதான் கொண்டுபோய் அடக்கினம்."

அவர் ஹோர்னை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் போயா. புதன்கிழமை, அரை நிலா நாள். பூரணையும் இல்லை, அமாவாசையும் இல்லை. கோயில் நிகழ்ச்சிகளைப் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால் அன்று எந்த விசேடமும் இல்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். பிள்ளைகளும் நானும் உட்கார்ந்தோம். அவள் பரிமாறிவிட்டு நின்றாள்.

"நீரும் இரும்" என்றேன்.

"நான் விரதம்."

"புதன்கிழமை என்ன விரதமப்பா?"

அவள் வாயைத் திறந்தாள். அகப்பை கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளைச் சாப்பிடச் சொல்லிவிட்டு நான் அவளைக் குசினிக்குக் கூட்டிப்போனேன்.

"எத்தினை நாளா?"

"தெரியேல்லை. சோறு வாய்க்குள்ள போனா மண் மாதிரிக் கிடக்கு. விழுங்க ஏலாது."

"ஏன் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? காய்ச்சலோ, நோவோ? ஒண்டும் இல்லை. பசிக்கேல்லை எண்டா ஏன், எதுக்கு எண்டு கேப்பினம். விரதம் எண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

இவ்வளவையும் கந்தோரில் ஒரு விண்ணப்பத்தை வாசிப்பதுபோல் சொன்னாள்.

நிருபராக நான் எழுதிய மரண விசாரணைச் செய்திகளில் ஒரு வரி அடிக்கடி வரும்: தீராத வயிற்றுவலி காரணமாகக் குடும்பப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். கணவன் வந்து அப்படிச் சாட்சி சொல்லுவான். சாப்பிடமாட்டாள், பேசமாட்டாள், வேறு குறை ஒன்றும் இல்லை என்பான். நான் எழுதிக்கொள்வேன். எந்த வைத்தியர் வயிற்றைப் பார்த்தார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. குசினியில் நின்றபோது அந்தக் கணவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நானும் சொல்லக்கூடியவனாக இருந்தேன்.

அதனால் நேரே கேட்டேன்.

"சாகவேணும் எண்டு நினைக்கிறீரா?"

அவள் கோபிக்கவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"அப்பிடியெண்டு இல்லை. படுக்கேக்க, விடியாமல் விட்டா நல்லம் எண்டு நினைக்கிறனான்."

"எல்லா நாளுமோ?"

"ஓம்."

மறுநாள் கந்தோருக்கு லீவு சொல்லி, அவளை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். அவளைத் தனியாக நெடுநேரம் விசாரித்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"விடியப்புறம் எத்தினை மணிக்கு எழும்புறா?"

"ஐந்து மணியிருக்கும்."

"மூண்டு மணிக்கு எழும்பிக் கதிரையில இருக்கிறாவாம். கடைசியா எப்ப சிரிச்சவ?"

எனக்குத் தெரியவில்லை.

"நீங்கள் பேப்பருக்கு எழுதுறனீங்கள் எல்லே?" என்றார்.

இதுவும் ஒரு நோய்தான் என்று விளங்கப்படுத்தினார். பிள்ளை பெற்ற சிலருக்கு வருவது, மற்றப் பெண்களுக்கும் வருவது. சோம்பலும் இல்லை, பிசாசும் இல்லை. பைத்தியம் என்று ஊர் சொல்லும், அதைக் கேட்கவேண்டாம். பசி போகும், நித்திரை போகும், பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போகும், அழுகைகூட வராமல் போகும். இப்போது இதை மனச்சோர்வு என்று எழுதுகிறார்கள். அவர் குளிசை கொடுத்தார். சாப்பாட்டோடு எடுக்கவேண்டும், மூன்று நாலு கிழமை செல்லும், அதுவரை அவளைத் தனியே விடக்கூடாது என்றார். என் மனைவி அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என்னைக் கொழும்புக்கு, பைத்திய ஆசுபத்திரிக்கு அனுப்புவீங்களோ?"

"இல்லை. வீட்டிலயே சுகப்படலாம்."

தனியே விடக்கூடாது என்றதால் அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். வேறு யாரும் இல்லை. அக்கா மறுநாளே வந்து இறங்கினாள். காரணத்தை நான் மழுப்பினேன். உடம்பு பலவீனம், சாப்பாடு கொடுக்கவேண்டும் என்றேன். மத்தியானம் இலையில் சோற்றைக் கண்டதும் அக்கா பதறினாள்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை! நேர்த்தியை முறிக்கிறதோ? கைக்குழந்தையுள்ள வீடு. அந்தக் குளிசை ஒரு நாள் பிந்தினா என்ன?"

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். மனைவி என்னை முந்திக்கொண்டாள்.

"மச்சாள், நான் ஒரு விரதமும் பிடிக்கேல்லை. ஒரு நாளும் பிடிக்கேல்லை. பொய் சொன்னனான்."

அக்கா கையில் குழம்புச் சட்டியோடு நின்றாள். பிறகு சட்டியை வைத்துவிட்டுத் தானும் கீழே உட்கார்ந்தாள்.

"அடி பாவி, நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே, என்ர மச்சாளைப்போல பக்திக்காரி ஆரும் இல்லையெண்டு." இலையைத் தன் பக்கம் இழுத்தாள். "சாப்பிடு. முதல்ல சாப்பிடு. ஊருக்கு நான் பதில் சொல்லுறன்."

சோற்றைக் குழைத்து அவளே வாயில் வைத்தாள். மனைவி ஏழு வாய் சாப்பிட்டாள். நான் எண்ணினேன்.

அக்கா ஒன்றரை மாதம் தங்கினாள். சுகம் ஒரே நாளில் வரவில்லை. முதல் மூன்று கிழமை குளிசையால் வாய் உலர்ந்ததும், நடக்கும்போது தலை சுற்றியதும்தான் மிச்சம். அயலட்டைக்கு அக்கா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பொய் சொன்னாள். ஒரு நாள் இரத்தக்குறைவு, ஒரு நாள் பித்தம். ஐந்தாவது கிழமையில் நித்திரை சீர்ப்பட்டது. ஆறாவது கிழமையில் ஒரு மத்தியானம் மனைவி, "மச்சாள், இந்தச் சம்பலில உப்பைக் கொட்டி வைச்சிருக்கிறியள்" என்றாள். அக்கா என்னைக் கந்தோரில் இருந்து கூப்பிடாத குறை. "குறை சொல்லத் தொடங்கிற்றாள், இனிப் பயமில்லை" என்று நாலு தரம் சொன்னாள்.

இது எங்கள் வீட்டில் ஒரு தடவையோடு முடிந்த கதை அல்ல. பத்து வருடத்துக்குப் பிறகு, எழுபதுகளின் கடைசியில், மூத்தவள் கலியாணமாகிப் போன மாதம். நான் சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் உடுப்புக் கொடியில் சேலை விரித்துக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, அது திரும்ப வருகுது."

எது என்று நான் கேட்கவில்லை.

"எப்பதொட்டு?"

"பத்து நாளாக. விடிய மூண்டு மணிக்கு முழிப்பு வருது. நேற்று பேப்பரை விரிச்சுவைச்சிட்டு ஒரு வரியும் வாசிக்கேல்லை. நீங்கள் கண்டுபிடிப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தா நான் செத்துப்போவன்."

சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள். அது உண்மைதான். அந்தப் பத்து நாளும் நான் எதையும் கண்டிருக்கவில்லை. சைக்கிளைச் சுவரோடு சாத்தினேன். அவள் மிச்சச் சேலையையும் விரித்து முடித்துவிட்டு, முகம் கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் ஆசுபத்திரி வீதியில் நடந்தாள்.